பிரிந்து போனவர் என் பெயரில் வாங்கிய கடன்: ஓர் எச்சரிக்கை

அலுவலகத்தில் இருந்தபோது மதியம் ஒரு அழைப்பு. "மேடம், மூணு தவணை பாக்கி. இன்னைக்குக் கட்டுறீங்களா, இல்ல ஆள் அனுப்பவா?" தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி அழைத்தார்கள். என் முழுப்பெயர், பிறந்த தேதி, அம்மாவின் பெயர் எல்லாவற்றையும் வரிசையாக வாசித்தான் அந்தப் பையன். கடைசியாக முகவரியைச் சொன்னபோதுதான் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. ஏழு மாதத்துக்கு முன் இரண்டு பெட்டியோடு நான் வெளியேறிய வீடு அது.

அங்கே இன்னும் இருப்பவர் என்னோடு ஐந்து வருடம் வாழ்ந்தவர். ('அவர்' என்று எழுதுவது மரியாதைக்காக இல்லை, பழக்கதோஷம்.)

அன்றிரவே என் கடன் அறிக்கையை எடுத்தேன். நம் பெயரில் உள்ள கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் போன்ற நிறுவனங்கள் பல நாடுகளில் தொகுத்து, ஒரு மதிப்பெண்ணும் போட்டு வைத்திருக்கும் அறிக்கைதான். நம்முடையதை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. குறைந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி நான் அதுவரை பார்த்ததே இல்லை. என் பெயரில் ஒரு தனிநபர் கடன், ஒரு கிரெடிட் கார்டு. கடன் மட்டுமே என் நான்கு மாதச் சம்பளம். கணக்குப் பட்டியலைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். எந்த நிறுவனம் எந்தத் தேதியில் உங்கள் அறிக்கையைக் கேட்டது என்று ஒரு பகுதி அதிலேயே இருக்கும். என்னுடையதில் ஐந்து வரி. முதல் வரியின் தேதி, நான் வீட்டை விட்டு வந்த பதினாறாம் நாள். மூன்று இடத்தில் கொடுக்க மறுத்திருக்கிறார்கள் போல, இரண்டு இடத்தில் கிடைத்திருக்கிறது.

வெளியாள் என்றால் எங்கேயாவது உடைத்துத்தான் உள்ளே வர வேண்டும். இவர் எதையும் உடைக்கவில்லை. வாடகை ஒப்பந்தத்துக்காக நான் ஸ்கேன் செய்த அடையாள அட்டை நகல்கள் இருவருக்கும் பொதுவான கோப்புறையில் அப்படியே கிடந்தன. இருவர் பெயரிலும் இருந்த வங்கிக் கணக்கை 'அப்புறம் மூடிக்கொள்ளலாம்' என்று விட்டிருந்தேன். கடன் பணம் வந்து விழுந்தது அதில்தான். எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை, சிம். என்றோ ஒரு சலுகைக்காக என் பெயரில் இரண்டாவது சிம் வாங்கி அவருக்குக் கொடுத்திருந்தேன். ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போயிருக்கிறது. "உங்க பேர்ல இருக்கற நம்பர்லதானே மேடம் வெரிஃபை ஆகியிருக்கு?" என்று கடன் கொடுத்த நிறுவனம் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

சரி, கார்டு விஷயமாக என் மின்னஞ்சலுக்கு ஒரு தகவல்கூட ஏன் வரவில்லை? வந்திருக்கிறது. ஜிமெயில் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். நான் வைக்காத ஒரு ஃபில்டர் இருந்தது. 'கிரெடிட்' என்ற சொல் உள்ள அஞ்சல் எதுவாக இருந்தாலும் படித்ததாகக் குறித்து, இன்பாக்ஸில் காட்டாமல் ஒதுக்கிவிடு என்று. பழைய லேப்டாப்பில் என் கணக்கு லாக்-அவுட் ஆகாமலே இருந்திருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் ஃபில்டரும், வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் அமைப்பும் அப்படியே இருக்கும். அவற்றைத் தனியாகத் தேடி அழிக்க வேண்டும்.

கடன் நிறுவனம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் மூன்று வாரம் தொலைபேசியிலேயே அலைக்கழித்தார்கள். ஒவ்வொரு தடவையும் புது ஆள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை. ஒரு பெண் மிகவும் கனிவாக, "தெரிஞ்சவர்தானே மேடம், பேசித் தீர்த்துக்கலாமே" என்றாள். காவல் நிலையத்திலும் அதே பேச்சு. "இது குடும்பத் தகராறு. நாங்க உள்ள வர முடியாதும்மா." தப்பு என் மேலும் உண்டு. முதல் புகாரில் எங்கள் சண்டை, அவர் பேசிய பேச்சு, நான் அழுதது என்று மூன்று பக்கம் எழுதியிருந்தேன். படிப்பவருக்கு அது குடும்பத் தகராறாகத்தானே தெரியும்?

இரண்டாவது புகார் ஒரே பக்கம். அவரை 'முன்னாள் துணை' என்றுகூடக் குறிப்பிடாமல் பெயரை மட்டும் எழுதினேன். இன்ன தேதியில் இன்ன விண்ணப்பம், நான் கையெழுத்திடவில்லை, ஆள்மாறாட்டமும் போலிக் கையெழுத்தும் நடந்திருக்கின்றன, அவ்வளவுதான். அது உடனே பதிவானது. அந்தப் பதிவு எண்ணை வைத்துத்தான் கடன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டேன்: விண்ணப்பப் படிவத்தின் நகல், விண்ணப்பித்த கணினியின் ஐபி முகவரி (எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் எண்), கார்டு ஒப்படைக்கப்பட்ட முகவரி, வாங்கியவர் கையெழுத்து.

படிவம் வந்தது. என் கையெழுத்தைப் பரவாயில்லாமல் போட்டிருந்தார். ஆனால் தொலைபேசி எண் கட்டத்தில் இரண்டு ஏழு. இரண்டுக்கும் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. ஐந்து வருடம் சாமான் பட்டியலிலும் காஸ் பில்லின் பின்புறத்திலும் நான் பார்த்த அதே ஏழு. நான் அப்படி எழுதவே மாட்டேன். என் பழைய படிவங்கள் நான்கைச் சேர்த்து அனுப்பினேன். பொதுக் கணக்கின் அறிக்கையையும் வைத்தேன். கடன் பணம் விழுந்த அன்றே எடுக்கப்பட்டிருந்தது, எடுத்தது அவருடைய டெபிட் கார்டில். ஒரே கணக்கானாலும் இருவர் கார்டுக்கும் எண் வேறு என்பது எவ்வளவு பெரிய உதவி என்று அன்றுதான் தெரிந்தது.

நடுவில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் ஒன்று உண்டு. விஷயம் தெரிந்ததும் அவருக்கே செய்தி அனுப்பினேன். "கஷ்டத்துல எடுத்துட்டேன், கட்டிடறேன், போலீஸ் எல்லாம் வேண்டாம்" என்றார். நம்பி இரண்டு மாதம் காத்திருந்தேன். அதற்குள் வட்டி ஏறியது, அபராதம் ஏறியது, "இவ்வளவு நாள் ஏன் புகார் செய்யவில்லை?" என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. அந்தச் செய்தியை மட்டும் அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். தேதியும் எண்ணும் தெரிகிற மாதிரி உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து கொடுத்தேன்.

வசூல் ஆட்கள் நச்சரிக்கும்போது 'ஒரு தவணையாவது கட்டித் தொலைத்தால் நிம்மதி' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கட்டாதீர்கள். ஒரு தவணை கட்டினாலும் கடன் உங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டதாக வாதிட அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

'கூட இருந்தவர் செய்தால் திருட்டு ஆகுமா?' என்று என் சொந்தங்களே கேட்டார்கள். ஆகும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, பிறருடைய கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. அமெரிக்காவில் 1998 முதல் அடையாளத் திருட்டு கூட்டாட்சிக் குற்றம். முன்னாள் துணைக்கு என்று விதிவிலக்கு எதுவும் இவற்றில் இல்லை.

பிரிவு நடக்கும் வாரத்தில் யாருக்கும் இதெல்லாம் ஓடாது, தெரியும். அப்படியும் ஒரே ஒரு நாள் ஒதுக்குங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள், உங்கள் கையில் இல்லாததை ரத்து செய்யுங்கள். பொதுக் கணக்கை மூடுங்கள், உடனே முடியாவிட்டால் இருவர் கையெழுத்தும் இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி மாற்றச் சொல்லுங்கள். கூகுள் கணக்கில் எந்தெந்தச் சாதனம் உள்ளே இருக்கிறது, வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் எவை என்று பார்த்து, தெரியாததை வெளியேற்றுங்கள். பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதில் வைக்காதீர்கள். உங்கள் முதல் பள்ளியும் செல்லப்பெயரும் அவருக்கு மனப்பாடம். நான் இப்போது 'அம்மாவின் பிறந்த ஊர்' என்ற கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்றை எழுதி, ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் நாட்டில் கடன் அறிக்கையை முடக்கும் வசதி, அதாவது புதிதாகக் கடன் கொடுப்பவர்கள் அதைப் பார்க்க முடியாதபடி பூட்டும் வசதி, இருந்தால் அன்றே முடக்குங்கள். அமெரிக்காவில் 2018 செப்டம்பரிலிருந்து அது இலவசம். இனிமேல் யாருக்கு அடையாள அட்டை நகல் கொடுத்தாலும் அதன் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

கார்டு கணக்கை ஆறாவது மாதம் என் அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கடன் மட்டும் இன்னும் 'தகராறில்' என்றே நிற்கிறது. இதுவரை பத்துக் கடிதம் போயிருக்கிறது, பதினொன்றாவதைத் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.