ஒரே ரிமோட், நாலு பிளேயர்: பவர் பட்டன் தவிர எல்லாம் அருமை

நகைக்கடை நண்பர் கேட்டார்: "உங்க கடையில நாலு டிவியும் ஒரே ரிமோட்ல ஓடுதே, அந்தப் பெட்டி வாங்கலாமா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை.

எங்கள் துணிக்கடையில் பிரிவுக்கு ஒரு டிவி. பட்டுப் பக்கம் ஒரு விளம்பரம், குழந்தைகள் பக்கம் வேறு. அதனால் ஒரே படத்தை எல்லா டிவிக்கும் பிரித்துத் தரும் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் உதவாது. ஒரே மாடல் மீடியா பிளேயர் நான்கைக் கல்லாவுக்குக் கீழே அலமாரியில் அடுக்கி, ரிமோட் சிக்னலை வெளியே வாங்கி உள்ளே கடத்தும் ஐஆர் ரிப்பீட்டர் பெட்டியைப் போட்டோம். வெளியே ஒரு கண். உள்ளே நான்கு ஒயர். ஒவ்வொன்றின் நுனியிலும் மிளகு அளவு எல்இடி, பிளேயரின் கண் மேல் ஒட்டியிருக்கும்.

எனக்குப் பிடித்தது வால்யூம். நான்கும் நான்கு அளவில் அலறினாலும் கவலையில்லை. குறைக்கும் பட்டனை விடாமல் அழுத்தினால் போதும். இந்த வகை ரிமோட்டுகள் 110 மில்லி நொடிக்கு ஒருமுறை 'இன்னும் அழுத்துகிறார்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எது முன்னே எது பின்னே என்றாலும் எல்லாம் பூஜ்யத்தில் வந்து நின்றுவிடும். அப்புறம் ஏற்றினால் நான்கும் ஒரே அளவு.

பவர் பட்டனுக்கு அப்படி ஒரு அடிமட்டம் கிடையாது. அணைக்கவும் அதே சிக்னல், போடவும் அதே. அலமாரிச் சூட்டில் பசை இளகி ஒரு எல்இடி நகர்ந்தது. இரவு பட்டனை அழுத்தினால் மூன்று அணைகிறது, ஒன்று பாட்டுக்கு ஓடுகிறது. மறுபடி அழுத்தினால் அந்த மூன்றும் எழுந்து உட்காருகின்றன. பசையைச் சரிசெய்த பிறகும் இதே கூத்து, இப்போது தலைகீழாக. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கரண்ட் வந்ததும் பழைய நிலைக்கே போகிற மாடல். பிளேயரில் பட்டனும் இல்லை. அலமாரியை இழுத்து, பெட்டிக்குப் பின்னால் மூன்று ஒயரைப் பிடுங்கி, மிச்சமிருப்பதை மட்டும் அழுத்த வேண்டும். எது எதனுடையது? நாலும் கறுப்பு. பெயர் எழுதி ஒட்டிய டேப்பும் அதே சூட்டில் உரிந்து கிடந்தது.

நியாயமாகப் பார்த்தால் பெட்டி மேல் குற்றமில்லை. ரிமோட் வெளிச்சம் ஒருவழிப் பாதை; 38 கிலோஹெர்ட்ஸில் மினுக்கிவிட்டுப் போய்விடும், கேட்டதா என்று திரும்பிக் கேட்காது. போடத் தனி, அணைக்கத் தனி என்று இரண்டு சிக்னல் வைத்த கருவிகளும் உண்டு. எங்கள் பிளேயர் செய்தவர் ஒன்றிலேயே சிக்கனம் பிடித்துவிட்டார். அந்தப் புண்ணியவானை நான் பார்த்ததில்லை.

அதனால் நண்பரிடம் "வாங்காதீங்க" என்றுதான் சொன்னேன். அவருக்கு எல்லா டிவியிலும் ஒரே படம்தானே, ஸ்பிளிட்டரே போதும். நானோ விலை குறைந்ததைப் பார்த்து மாடிக்கும் ஒன்று ஆர்டர் போட்டுவிட்டேன். பிளேயர்களை இப்போது அணைப்பதே இல்லை, இரவில் டிவியை மட்டும்தான். பவர் பட்டன் மேல் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று சுற்றியாயிற்று. புதிதாக வேலைக்கு வந்த பையன் அதையும் உரித்துப் பார்க்கிறான்.