ரேடியா பெர்ல்மனின் இரண்டு விடைகள்: ஸ்பானிங் ட்ரீயா, ட்ரில்லா?

கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட்டில் சுற்றுப்பாதை (லூப்) விழுந்தால், எல்லாச் சாதனங்களுக்கும் போகும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுழன்று வலையமைப்பையே முடக்கிவிடும். இதற்கு கணினி வலையமைப்புப் பொறியாளர் பெர்ல்மன் 1985-இல் டிஇசி என்ற கணினி நிறுவனத்தில் தந்தது, சுற்று விழாமல் தடுக்கும் நெறிமுறையான ஸ்பானிங் ட்ரீ. அதன் குறைகளைத் தீர்க்க அவரே பிற்பாடு முன்வைத்த இன்னொரு நெறிமுறை ட்ரில் (இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 6325, 2011).

இணைப்புகள்: ஸ்பானிங் ட்ரீ உபரி வழிகளை அடைத்து வைக்கும், காசு கொடுத்த கேபிள் சும்மா கிடக்கும். ட்ரில் எல்லாவற்றையும் பயன்படுத்தும்.

மீட்சி: ஓர் இணைப்பு அறுந்தால் மாற்று வழிக்கு மாற, பழைய ஸ்பானிங் ட்ரீக்கு 30 முதல் 50 விநாடி ஆகும். அதன் வேகமான பிந்தைய வடிவமான ஆர்எஸ்டிபி அதைச் சில விநாடிகளுக்குள் அடக்கிவிடும்.

பாதுகாப்பு: ட்ரில் பாக்கெட்டின் தலைப்பில் (ஹெடர்) தாவல் எண்ணிக்கை, அதாவது இன்னும் எத்தனை சுவிட்சுகளைக் கடக்கலாம் என்ற கணக்கு, உண்டு; சுழலும் பாக்கெட் தானே சாகும். ஸ்பானிங் ட்ரீயில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

செலவு: ட்ரில்லுக்கு அதை ஆதரிக்கும் சுவிட்சுகள் வேண்டும், எம்டியுவையும் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) கூட்ட வேண்டும். ஸ்பானிங் ட்ரீ அநேகமாக எல்லா மேனேஜ்டு (அமைப்புகளை மாற்றக்கூடிய) சுவிட்சிலும் இருக்கிறது. ஆனால் முன்னுரிமை எண்ணை இயல்பான 32768-லேயே விட்டால், மேக் முகவரி (சாதனத்தின் அடையாள எண்) சிறியதாக உள்ள ஏதோ ஒரு பழைய சுவிட்ச் ரூட் (மரத்தின் தலைமைச் சுவிட்ச்) ஆகிவிடும். சிறிய எண்ணே வெல்லும் என்பதால், மையச் சுவிட்சுக்கு 4096 கொடுங்கள்.

அலுவலகத்துக்கு ஆர்எஸ்டிபி போதும். பல வழிகளுள்ள தரவு மையத்துக்கே ட்ரில் பொருந்தும், அதுவும் சாதனங்கள் ஆதரித்தால்தான்.