கியோட்டோ, நாரா, காமகுரா: முட்டி வலிக்கிற அம்மாவோடு ஒரு நாள்

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியிலும் வலி. மகளுக்கு 6. இந்த இருவருக்கும் ஒத்துவருகிற வேகத்தில் ஜப்பானியக் கோயில்களை ஒரே நாளில் நிதானமாகப் பார்க்க எந்த ஊர் நல்லது? மூன்றுக்கும் போய்வந்தாயிற்று. என் ஓட்டு நாராவுக்குத்தான்.

முதலில் கியோட்டோ. ஓட்டுநரோடு தனி வண்டி எடுத்தோம். வண்டிக்காரர்கள் கொடுத்த பட்டியலில் ஆறு கோயில்கள். மூன்றாவது இடத்திலேயே அம்மா, “நீங்க போயிட்டு வாங்க, நான் இப்படியே உக்காந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டாள். கியோமிசு-தேராவின் வாசல் வரை வண்டி போகாது. இரண்டு பக்கமும் கடைகள் நெருக்கியடிக்கும் ஏற்றத்தில் ஏறித்தான் போக வேண்டும். 1633இல் மறுபடி கட்டிய அந்த மரமேடை 13 மீட்டர் உயரம். அங்கிருந்து பார்க்கிற காட்சி அருமைதான், ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றால் கூட்டத்தின் முதுகுதான் தெரிகிறது. ஃபுஷிமி இனாரியில் வரிசையாக நிற்கும் சிவப்பு வாசல்கள் 233 மீட்டர் மலையின் உச்சி வரை போகின்றன. வயதானவர்கள் அடிவாரத்து வரிசையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும், குறையொன்றும் இல்லை.

கியோட்டோவில் எனக்கு மறக்காத இடம் சஞ்சூசங்கென்-தோ. சமதளம், செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தரையில் நடக்கலாம், படம் எடுக்கக் கூடாது. சுமார் 120 மீட்டர் நீள மண்டபத்தில் 1,001 கன்னோன் சிலைகள். பௌத்தர்களின் கருணைத் தெய்வமான அவலோகிதேசுவரரைத்தான் அங்கே கன்னோன் என்கிறார்கள். அவற்றுக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள். இந்திரனும் பிரம்மாவும் அதில் உண்டு, பெயர் மட்டும் தைஷாகுதென், போன்தென். கருடன் அலகோடு நின்று புல்லாங்குழல் ஊதுகிறார்! அம்மா அவரைக் கண்டதும் கைகூப்பிவிட்டாள். கியோட்டோதான் வேண்டும் என்பவர்கள் இந்த ஒன்றையும் இனாரி அடிவாரத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடலாம்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கியோட்டோவில் கோயில்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடப்பதால் தனி வண்டிக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. காமகுராவில் அது வீண். சந்துகள் குறுகல், விடுமுறை நாளில் நெரிசலில் உட்கார்ந்திருப்பதே வேலையாகிவிடும். நாராவில் காலையில் ஒரு சின்ன டாக்சி ஓட்டம் போதும். எந்த ஊரானாலும் வண்டியின் எண்பலகையைப் பாருங்கள். ஜப்பானில் வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்குப் பச்சைப் பலகை. அனுமதி இல்லாமல் வெள்ளைப் பலகை வண்டியில் காசு வாங்கிக்கொண்டு ஏற்றுவது சட்டவிரோதம், அதில் ஏறாதீர்கள்.

டோக்கியோவை விட்டு ரொம்பத் தூரம் போக முடியாதவர்களுக்குக் காமகுரா. ரயிலில் ஒரு மணி நேரம்தான். வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் வெண்கல புத்தருக்கு உயரம் 11 மீட்டருக்குச் சற்று மேல். ஒரு காலத்தில் அவரைச் சுற்றி மண்டபம் இருந்தது. அது போன பிறகு மழையிலும் வெயிலிலும் அப்படியேதான் இருக்கிறார். அந்த வளாகத்தில் இலங்கையின் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. பகையைப் பகை தணிக்காது, அன்பே தணிக்கும் என்ற புத்தர் வாக்கைச் சொல்லி 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் ஜப்பானுக்காகப் பேசியதற்கான நன்றி அது. அவர் அதிபராக இருந்தபோது நடந்த 1983 தமிழர் படுகொலையை அறிந்த நமக்கு அந்தக் கல்லை மற்றவர்களைப் போல வாசித்துவிட்டு நகர முடியாது. நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். பக்கத்திலுள்ள ஹாசே-தேராவும் அழகு, கடல் தெரியும், ஆனால் படிகள். ஹச்சிமான் ஆலயத்திலும் மேலே போக 61 படி.

சரி, நாரா. கியோட்டோவிலிருந்து கின்டெட்சு விரைவு ரயிலில் 35 நிமிடம். நிலையத்தில் டாக்சி பிடித்து முதலில் மேட்டிலிருக்கும் கசுகா ஆலயத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து இறக்கமாக நடந்து வரலாம். இந்த ஒரு யோசனைதான் அம்மாவைக் காப்பாற்றியது. 768இல் தொடங்கிய ஆலயம் அது, கல்லிலும் வெண்கலத்திலுமாக ஏறக்குறைய 3,000 விளக்குகள். பகலில் அவை ஏற்றப்படுவதில்லை, ஆனால் உள்ளே ஓர் இருட்டறையில் தொங்குவிளக்குகளை ஏற்றியே வைத்திருக்கிறார்கள். மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “கார்த்திகையாப்பா?” என்று கேட்டாள். இது ஷிண்டோ ஆலயம், அதாவது ஜப்பானியரின் சொந்தப் பழைய வழிபாட்டுக்கானது; இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது, கும்பிட்டால் போதும்.

காட்டுப் பாதையில் மான்கள் கூடவே வரும். அவற்றுக்கென்று விற்கும் அரிசித்தவிட்டு அப்பளத்தை மட்டும் கொடுங்கள். காகிதத்தை உள்ளே வைத்துவிடுங்கள், எங்கள் வரைபடத்தில் பாதி ஒரு மானின் வயிற்றுக்குள் போயிற்று.

அப்புறம் தோதாய்-ஜி. சுமார் 15 மீட்டர் உயர வெண்கல புத்தர். இப்போதுள்ள மண்டபம் 1709இல் கட்டியது, பழையதைவிட அகலம் குறைவாம், அதுவே நம்மை எறும்பாக்கிவிடுகிறது. நம் ஊரில் சிலைக்குக் கண் திறப்பதைப் போல இவருக்கும் 752இல் கண் திறந்தார்கள். தூரிகையைப் பிடித்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற பிக்கு. அந்தத் தூரிகையில் நீளமான நூலைக் கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், கண் திறந்த புண்ணியம் எல்லோருக்கும் சேரட்டும் என்று. அந்த நூல் பக்கத்திலுள்ள ஷோசோ-இன் கருவூலத்தில் இன்னும் இருக்கிறது. இதைச் சொன்னதும் அம்மா மறுபடி ஒருமுறை நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்த்தாள்.

சாப்பாட்டில் மூன்று ஊரும் ஒன்றுதான். சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது, காய்கறி மட்டும் போட்ட உடோன் நூடுல்ஸ் என்றாலும் சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும். நாங்கள் கொண்டுபோன புளியோதரையை மானின் கண்ணில் படாமல் ரயிலிலேயே முடித்துவிட்டோம்.

திரும்பும் வழியில், நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொஃபுகு-ஜியின் அருங்காட்சியகம். உள்ளே 734ஆம் ஆண்டின் அசுரர் சிலை. மூன்று முகம், ஆறு மெலிந்த கை, நடுக் கைகள் இரண்டும் கூப்பியபடி. புருவம் லேசாகச் சுருங்கியிருக்கிறது. “இதுவா அசுரன்? பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருக்கானே” என்றாள் அம்மா. வெளியே வந்தபோது மணி மூன்றுதான். வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அன்றைக்கு அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.