கம்யூனிட்டி காலேஜுக்குப் பிறகு: ஸ்டேட்டா, யூசியா?

சென்னையிலிருந்து கலிஃபோர்னியா போய், கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் முடிக்கப்போகும் மாணவர் முன் இரண்டு வழிகள். ஒன்று, சான் ஹோசே ஸ்டேட் போன்ற கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி (சுருக்கமாக ஸ்டேட்). மற்றது, பெர்க்லி, டேவிஸ், சான் டியாகோ எல்லாம் அடங்கிய யூசி, அதாவது யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா. இரண்டுக்கும் 60 செமஸ்டர் யூனிட் (பாடங்களுக்கான கிரெடிட்) வேண்டும். வெளிமாநில, வெளிநாட்டு மாணவருக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ (4.0க்குச் சராசரி மதிப்பெண்) ஸ்டேட்டில் 2.4, யூசியில் 2.8. அது வாசற்படிதான், பெர்க்லி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 4.0 இருந்தாலும் உறுதி கிடையாது.

செலவில் ஸ்டேட்டுக்கே மார்க். யூசியில் வெளியூர்க்காரருக்கான கூடுதல் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 30,000 டாலரைத் தாண்டும். படித்த துறையிலேயே வேலை பார்க்க அனுமதிக்கும் ஓபிடி இரண்டிலும் ஒன்றுதான்: 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பாடமானால் மேலும் 24. வேலை மட்டுமே குறி என்றால், சுற்றிலும் கம்பெனிகள் இருக்கும் சான் ஹோசே தாராளமாகப் போதும்.

பிறகு ஏன் யூசி? லீனியர் ஆல்ஜீப்ராவையே பாருங்கள். காலேஜ் பரீட்சையில், ‘இந்த மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடி’ என்பார்கள். அடுத்த கட்டத்தில், ‘சமச்சீரான மெய்யெண் மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்புகள் எல்லாம் மெய்யெண்களே என நிறுவு’. இந்த இரண்டாவது கேள்வி தூங்கவிடாமல் செய்கிறதா? அப்படியானால் யூசிக்குப் போகலாம். நிறுவல் பாடம் ஸ்டேட்டிலும் உண்டு; ஆனால் அதே துறையில் பிஎச்டி செய்பவர்களோடும் ஆய்வுக்கூடங்களோடும் பழகும் வாய்ப்பு யூசியில் மிக அதிகம். சொந்தக்காரர்களிடம் பெயர் சொல்வதற்காகப் போகிறவர்கள் முதல் டெர்மிலேயே துவண்டுபோகிறார்கள்.

காரணம் வேகம். யூசியில் பெர்க்லி, மெர்செட் தவிர மற்ற இளநிலை வளாகங்கள் குவார்ட்டர் முறை: 10 வாரத்தில் பாடம் முடியும், நான்காம் வாரமே மிட்டெர்ம். பயந்து ஒரு பாடத்தை விட்டால், முழுநேர மாணவருக்கு வேண்டிய 12 யூனிட்டுக்குக் கீழே இறங்கலாம். டிஎஸ்ஓ (வெளிநாட்டு மாணவர் விவகாரம் பார்க்கும் கல்லூரி அதிகாரி) அனுமதியில்லாமல் இறங்கினால் எஃப்-1 மாணவர் அந்தஸ்தே போகும். முதலில் டிஎஸ்ஓவைப் பாருங்கள், பிறகு பாடத்தை விடுங்கள்.

டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆறும் ‘டேக்’ என்ற இட உறுதி தருகின்றன. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான், அதுவும் செப்டம்பரிலேயே போட வேண்டும். எல்லாப் பிரிவுகளுக்கும் கிடைக்காது. காலேஜின் எந்தப் பாடத்தை எந்த யுனிவர்சிட்டி ஏற்கும் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் பாடப் பொருத்தத்தை முதல் டெர்மிலேயே பார்த்துவிடுங்கள். ஒரு கணக்குப் பாடம் விட்டுப்போனால் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

விசா காலாவதியாகவில்லை என்றால் சென்னை ஜெமினி பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு மறுபடி வர வேண்டியதில்லை. புதிய யுனிவர்சிட்டி தரும் ஐ-20 சேர்க்கைப் படிவம் போதும். கல்விக் கடன் அப்படியல்ல. பழைய காலேஜ் பெயரில் கிடைத்த கடன் என்றால், செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவேடு) பதிவை மாற்றும் முன்பே சென்னைக் கிளையில் அப்பாவோ அம்மாவோ பேசிவிட வேண்டும்.