மைக் வாங்கப் போய் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றிய கதை

ஆடுதுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வாரம் நான்கு நாள் சித்தப்பா லேப்டாப்பில் வீடியோ கால் வழியாக நாகஸ்வரப் பாடம் எடுக்கிறார். மாணவர்கள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். வாத்தியம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தது. 2022-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த ரகம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லேப்டாப்பின் உள் மைக் வழியாகப் போனபோதுதான் அதன் நாதம் வேறு ஏதோ ஆகிவிட்டது. வெளி மைக் மாட்டி மூன்றரை வருடம் ஓடிவிட்டது.

முதலில் வாங்கியது விலை குறைந்த கண்டென்சர் மைக். 3.5 மி.மீ. பின்னைச் செருகினால் லேப்டாப் அதை ஹெட்போன் என்றே நினைத்தது. பின்னில் இருக்கும் கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். ஹெட்செட்டுக்கென ஒரே துளை உள்ள லேப்டாப்புக்கு மூன்று வளையம் வேண்டும், எங்களுடையதில் இரண்டு. கும்பகோணத்தில், மைக்குக்கும் ஹெட்போனுக்கும் துளையைத் தனித்தனியாகப் பிரித்துத் தரும் ஸ்பிளிட்டர் ஒன்று வாங்கி மாட்டியதும் சத்தம் வந்தது. ஆனால் சித்தப்பா, "என்ன தம்பி, நாயனம் கெணத்துக்குள்ளேர்ந்து கேக்குதுங்கறாங்க" என்றார். அந்த வகை மைக் கேட்பது 48 வோல்ட். லேப்டாப் துளை கொடுப்பதோ இரண்டு மூன்று வோல்ட். விண்டோஸில் மைக் பூஸ்டை +30 டெசிபல் ஏற்றினால் நாயனத்தோடு 'உஸ்' என்ற இரைச்சலும் ஏறியது.

அதை மூட்டை கட்டிவிட்டு ஷூர் எஸ்எம்58 டைனமிக் மைக்கும், மைக்கின் ஒலியை லேப்டாப்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும், யூஎஸ்பியில் மாட்டும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேசும் வாங்கினோம். 1966-லிருந்து விற்கும் மைக், கச்சேரி மேடைகளில் பார்த்திருப்பீர்கள். தனி மின்சாரம் கேட்காது. நாயனத்தின் சத்தத்துக்கு, இன்டர்ஃபேசில் ஒலியை ஏற்றும் கெயின் திருகைக் கால்வாசி திருகினாலே போதும். பேச்சுக்கு அப்படியில்லை, நன்றாக ஏற்றிவிட்டு நாலு விரல் தூரத்தில் பேச வேண்டும். மைக்கை அணசுக்கு (நாயனத்தின் விரிந்த அடிவாய்) நேராக வைக்காதீர்கள், காது கிழியும். மூன்றடி தள்ளி, சற்று மேலே, விரல் துளைகளைப் பார்த்த மாதிரி வைத்தோம். உச்ச ஸ்தாயியில் ஒலி அளவைக் காட்டும் மீட்டர் −12 டெசிபலைத் தொட்டால் சரி.

இவ்வளவு செய்தும் பின்னணியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். மைக், கேபிள், இன்டர்ஃபேஸ் என ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் லேப்டாப்பின் உலோக உடம்பில் கை பட்டதும் ரீங்காரம் குறைந்தது, விரலில் லேசாகச் சுருக்கென்றது. சார்ஜரைக் கழற்றினால் சுத்தமாக நின்றது. அப்போதுதான் புரிந்தது, வீட்டு எர்த் சரியில்லை. எலெக்ட்ரீஷியன் பிளக் பாயிண்டில் விட்டுப்போயிருந்த எர்த் வயரை மாட்டி, காய்ந்து கிடந்த குழியில் உப்பும் கரியும் போட்டு நாலு குடம் தண்ணீர் ஊற்றினார். காவிரிக் கரையில் இருந்துகொண்டு எர்த் குழி காய்ந்து கிடந்ததை என்ன சொல்ல! இன்றும் சித்திரை, வைகாசியில் அதற்கு இரண்டு குடம் ஊற்றுவது என் வேலை.

அப்புறம் வீடியோ கால் செயலி. நீளமாக ஒரு ஸ்வரம் பிடித்தால் அதை இரைச்சல் என்று எண்ணிப் பாதியில் அமுக்கிவிடும். இசைக்கென்று இருக்கும் அசல் ஒலி அமைப்பைப் போட்டு, இரைச்சல் நீக்கத்தை அணைத்ததும் அந்த நீண்ட கார்வை முழுசாகப் போய்ச் சேர்ந்தது. முதல் மைக்கிலேயே இதைச் செய்திருக்க வேண்டும், தோன்றவில்லை.

எதிரொலிக்குப் பின்சுவரில் இரண்டு ஜமக்காளம் தொங்குகிறது. கேபிளின் முனை இரண்டாம் வருடம் விட்டுப்போய் ஒரு முறை ஈயப் பற்று வைத்தோம். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில நேரம் தானாகவே உள் மைக்குக்கு மாறிவிடும். பாடத்துக்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். ஐப்பசி மழையில் வாசல் தகரக் கொட்டகை போடும் சத்தத்துக்கு மட்டும் இன்னும் வழியில்லை. அன்றைக்குச் சித்தப்பா தாளம் மட்டும் சொல்லிக் கொடுப்பார்.