ஸ்கேன் பார்த்துப் போடும் ஊசி என்றார்கள், ஸ்கேனை ஆன் செய்யவே இல்லை

மதுரையில் இடுப்பு வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு ஆறு மாதமாக வலது பக்கம், பெல்ட் போடும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வலி. பைக்கில் ஏறக் காலைத் தூக்கினால் உயிர் போகும். ஒரு வலி சிகிச்சை கிளினிக்கில் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டு "எஸ்.ஐ. ஜாயின்ட்" என்றார் டாக்டர். முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டு அது. ஆழத்தில், குறுகலாக இருக்கும். கையால் தடவிப் பார்த்துக் குத்தினால் பெரும்பாலும் உள்ளே போகாது என்று அவரே விளக்கினார். "அல்ட்ராசவுண்ட்ல பார்த்துக்கிட்டே கரெக்டா உள்ள வைப்போம்." 14,500 ரூபாய். கட்டினேன்.

குப்புறப் படுக்கச் சொன்னார்கள். பஞ்சால் துடைத்தார், கட்டைவிரலால் அமுக்கினார், சுருக்கென்று குத்தினார். இரண்டே நிமிடம். அக்காதான் திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னாள்: "டேய், அந்த மிஷினை ஆன் பண்ணவே இல்லடா. ஸ்கிரீன் நடுவுல ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனப் பொட்டு அப்படியே காஞ்சு கெடக்கு." அப்போதுதான் உறைத்தது. முதுகில் ஜில்லென்று ஜெல் எதுவுமே படவில்லை.

இந்த ஊசியில் மரத்துப்போகும் மருந்தும் இருக்கும். வலி அந்த மூட்டில்தான், மருந்தும் உள்ளே போயிருக்கிறது என்றால் முதல் சில மணி நேரமாவது வலி நன்றாகக் குறையும். எனக்கு ஊசி குத்திய இடமும் சேர்ந்து வலித்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் வெறும் வயிற்றில் சுகர் 286. வழக்கமாக 130 தாண்டாது. உள்ளே போனது ஸ்டீராய்டு, அது சுகரை ஏற்றிவிடும்! சுகர் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நீட்டிய ஃபாரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் வேறொரு டாக்டர். "ஒரே விரலால வலிக்கிற இடத்தைக் காட்டுங்க" என்றார். காலை மடக்கி, தொடையை அழுத்தி, இடுப்பைப் பக்கவாட்டில் அமுக்கி என்று நாலைந்து விதமாகப் பார்த்தார். இதில் மூன்றிலாவது வலித்தால்தான் அந்த மூட்டைச் சந்தேகிப்பார்களாம். எனக்கு மூன்றில் வலித்தது. ஆக, நோயைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஊசியில்தான் ஏமாற்று. சுகர் இறங்கட்டும், அதுவரை பிசியோதெரபி என்று அனுப்பினார். பிறகு தேவைப்பட்டால் சி-ஆர்ம் என்ற, ஊசி போவதை அப்போதே திரையில் காட்டும் எக்ஸ்ரேயில், சாயம் விட்டுப் பார்த்தே போடலாமாம்.

முதல் கிளினிக்கில் என் சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேட்டேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. அல்ட்ராசவுண்டில் பார்த்துப் போட்டிருந்தால் ஊசி உள்ளே நிற்கும் படம் ஒன்றாவது சேமித்திருக்கலாம். நாலாம் நாள் பில் நகல் மட்டும் வந்தது. அதில் 'அல்ட்ராசவுண்ட் கைடட்' என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. நேரில் போய்க் கேட்டதற்கு, "அனுபவத்துல கை தானாப் போகும் சார், எனக்கு மிஷின் தேவையில்ல" என்றார் டாக்டர். அப்படியானால் மிஷினுக்கு எதற்குக் காசு என்றேன். ரிசப்ஷன் பெண்ணைப் பார்க்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த ஊசி உங்களுக்குப் பாதி ரேட்ல பண்ணித் தரச் சொன்னாங்க சார்."

பில்லையும் சுகர் ரிப்போர்ட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன், அக்காவும் வருகிறாள்.