வந்துபோகும் மையமா, தனி வழிகாட்டியா: பையனுக்கு எது உதவியது?

அண்ணன் நோயில் படுத்தபோது அவர் மகனுக்கு 16 வயது. வீட்டு வருமானம் நின்றதும் பையன் பள்ளிக்குப் போவதை விட்டுவிட்டான், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். உதவி தேடி அலைந்தது சித்தப்பாவான நான்தான். கடைசியில் கைக்கு எட்டியவை இரண்டு. ஒன்று, இளைஞர்கள் நினைத்த நேரத்தில் வந்துபோகும் மையம். இன்னொன்று, ஒரு தன்னார்வலர் வாரம் ஒருமுறை அவனை மட்டும் சந்திக்கும் வழிகாட்டித் திட்டம். இரண்டையும் பார்த்துவிட்டோம், நான் வழிகாட்டிப் பக்கம்தான்.

இரண்டுமே இலவசம், இரண்டிலும் நல்ல மனிதர்கள் இருந்தார்கள், அதில் குறை இல்லை. மையத்தின் பலம், எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது. மனநல ஆலோசனை, வேலை தேட உதவி, மருத்துவர் என்று தனித்தனியாக அலைய வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கிய ஹெட்ஸ்பேஸ் மையங்கள் 12 முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கு இப்படித்தான் இயங்குகின்றன. வீட்டுக்குத் தெரியாமல் யாரிடமாவது பேச வேண்டும் என்று தவிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

ஆனால் எங்கள் பையனுக்கு நடந்தது வேறு. ஒவ்வொரு முறை போனபோதும் எதிரே உட்கார்ந்தவர் வேறு ஒருவர். படிவத்தை எடுப்பார், பெயர் என்ன, எதுவரை படித்தாய், அப்பாவுக்கு என்ன உடம்புக்கு என்று முதலிலிருந்து கேட்பார். நான்காவது முறை அவன் பதில் சொல்லவில்லை. வெளியே வந்து, "சித்தப்பா, இதையே மூணு பேர்கிட்ட சொல்லிட்டேன், இனிமே முடியாது" என்றான். அதோடு அங்கே போவது நின்றது.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது, எந்தச் சேவை என்பதை விட, அதே ஆள் அடுத்த வாரமும் வருவாரா என்பதுதான் முக்கியம் என்று. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ வளர்ந்து, அதிக ஆபத்தில் இருப்பதாகக் கருதப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, விடாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது இருந்தது. அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பாட்டியாகவோ ஆசிரியராகவோ இருந்தாலும் போதுமானதாக இருந்தது.

சரி, அப்படியானால் எந்த வழிகாட்டித் திட்டமும் நல்லதுதானா? இல்லை, இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் திட்டத்தில் சேர்ந்த 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளின் தரவை வைத்து கிராஸ்மேன், ரோட்ஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், உறவு ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்தபோதுதான் அதிகப் பலன் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளிலோ, பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்தது. ஏற்கெனவே கைவிடப்பட்டதாக நினைக்கும் பிள்ளையிடம் இன்னொருவர் வந்து பழகிவிட்டுக் காணாமல் போனால் அது எப்படி வலிக்கும் என்று யோசித்தாலே புரியும்.

அதனால் சேர்ப்பதற்கு முன் நான் கேட்டது நான்கே கேள்விகள்தான். வழிகாட்டியிடம் குறைந்தது ஓராண்டு உறுதி வாங்குகிறீர்களா? அவருடைய பின்னணியைச் சரிபார்த்தீர்களா? மாதத்துக்கு ஒருமுறையாவது அவரையும் பையனையும் தனித்தனியாக விசாரிப்பீர்களா? அவர் விலக நேர்ந்தால், முறையாக விடைபெற ஒரு சந்திப்பு வைப்பீர்களா? முதலில் விசாரித்த திட்டம் கடைசிக் கேள்விக்கு மழுப்பியது, அதை விட்டுவிட்டேன்.

கிடைத்த வழிகாட்டி முதல் ஆறு வாரம் பெரிதாக எதுவும் செய்யவில்லை. வியாழக்கிழமை மாலை வருவார், பையன் வாய் திறக்காவிட்டாலும் ஒரு மணி நேரம் கூட நடந்துவிட்டுப் போவார். ஒருநாள் திறன் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதும்போது அவன் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பிவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டான். அவர் எதுவும் சொல்லாமல் பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து நீட்டினார். முன்கூட்டியே இரண்டு வாங்கி வைத்திருக்கிறார்! அன்றைக்குத்தான் அவன் அப்பாவைப் பற்றி அவரிடம் பேச ஆரம்பித்தான்.

வீட்டிலேயே அடி உதை என்றாலோ, தங்க இடமே இல்லை என்றாலோ வாரம் ஒரு மணி நேர நட்பு எந்த மூலைக்கு? அங்கே முதலில் உதவி எண்ணும் பாதுகாப்பான தங்குமிடமும்தான் தேவை. அப்படிப்பட்ட நிலையில் யாருக்கும் நான் துணை நின்றதில்லை, அதனால் எந்தத் தங்குமிடம் நல்லது என்று சொல்லும் தகுதி எனக்கில்லை.

அப்புறம் ஒன்று. பையனுக்கு இப்போது 18 வயது. கணினி வகுப்புக்காக, முன்பு வேண்டாம் என்று வந்த அதே மையத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறான். முதல் நாள் வாசல் வரை கூடப் போனவர் அந்த வழிகாட்டி.